கேள்வியையும் மனப்பாடம் செய்!

போன வாரம் மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் பாண்டிச்சேரி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பஸ் வரவில்லை. அது எப்போது நேரத்துக்கு வந்திருக்கிறது?

பக்கத்தில் பாவாடை தாவணியில் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நடுவில் மறந்துபோய் நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தாள். பார்க்கப் பாவமாக இருந்தது.

"இன்னாம்மா, பரீட்சையா?"

"இல்லீங்கண்ணா. இன்ஸ்பெக்‌ஷன்."

"அதுக்கு இன்னா படிக்கிற?"

"கேள்வி."

"கேள்விக்குப் பதிலா?"

"பதில் சரளாவுதுங்க. அவ படிச்சிட்டு வந்துருவா. எனக்குக் கேள்வி மட்டும்தான்."

புரிகிறதா உங்களுக்கு? பதிலை மனப்பாடம் செய்து பாஸ் பண்ணிய கூட்டம் நாம். நமக்கெல்லாம் அண்ணனாக ஒரு திட்டம் வந்திருக்கிறது. இப்போது கேள்வியையே மனப்பாடம் செய்கிறார்கள்!

"எங்க, ஒருவாட்டி சொல்லு. நான்தான் இன்ஸ்பெக்டர்னு வெச்சிக்க."

அந்தப் பெண் புத்தகப் பையைக் கீழே வைத்தாள். கையைக் கட்டிக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி ஒரே மூச்சில் கத்தினாள். "மழைநீர் ஓயாமல் கலந்தும் கடல்நீர் ஏன் நன்னீர் ஆவதில்லை, ஐயா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஏனென்றால் இந்தக் கேள்வி பிறந்தபோது நான் பக்கத்திலேயே இருந்தேன். இதைப் பெற்றெடுத்தவளையும் தெரியும், இதற்காக வேலை போனவரையும் தெரியும். அந்தக் கதையைச் சொல்லாவிட்டால் எனக்கு இந்த வாரம் சோறு இறங்காது.

உப்பளத்தை ஒட்டி ஒரு பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம். பெயர் போட்டால் எடிட்டர் என் பத்தியையே தூக்கிவிடுவார். அங்கே ஒரு ஹெட்மாஸ்டர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ரிகர்சல் பார்க்காமல் தும்மக்கூட மாட்டார். சுதந்திர தினத்துக்கு முதல் நாளே கொடியை ஒரு தடவை ஏற்றி, மிட்டாய் கொடுக்காமல் இறக்கிவிடுவார்.

அந்தப் பள்ளிக்கூடத்திலும் லைப்ரரி உண்டு. லைப்ரரி என்றால் ஒரு இரும்பு பீரோ. சாவி டிரில் மாஸ்டர் இடுப்பில். புத்தகம் ஒன்று காணாமல் போனால் பொறுப்பில் இருப்பவர் தலையில்தான் விழும். அதனால் டிரில் மாஸ்டர் ஒரு அருமையான வழி கண்டுபிடித்தார் - பீரோவைத் திறப்பதே இல்லை. திறக்காத பீரோவிலிருந்து எது தொலையும்? வருஷா வருஷம் கணக்கு சரியாக இருந்தது. மேலிடத்தில் சபாஷ் என்றார்கள். கரையான் மட்டும்தான் அந்தப் பள்ளியில் ஒழுங்காகப் படித்தது.

அப்புறம் ஃபிலோமினா டீச்சர் வந்தார்.

பாண்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். லைப்ரரி வேலைக்கென்றே படித்துவிட்டு வந்தவர். டெம்பரரி போஸ்ட். இன்ஸ்பெக்‌ஷனில் அதிகாரி 'இப்படி ஒரு ஆள் தேவைதான்' என்று எழுதினால் வேலை நிலைக்கும். 'தேவையில்லை' என்று எழுதினால் மூட்டை கட்டவேண்டியதுதான். இது டீச்சருக்கும் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும், பள்ளிக்கு வெளியே மாங்காய் விற்கிற ஆளுக்கும் தெரியும்.

வந்த முதல் நாளே பீரோவைத் திறந்தார். திறந்தவர் மூடவில்லை. பிள்ளைகள் எடுத்துப் பார்த்தன, கிழித்தன, சண்டை போட்டன, கடைசியில் படிக்கவும் செய்தன.

டீச்சரிடம் ஒரு கெட்ட பழக்கம். எதைக் கேட்டாலும் பதில் சொல்ல மாட்டார். "எங்க பாத்த?" என்பார். எங்கேயும் பார்க்கவில்லை என்றால் இரண்டு புத்தகத்தை எடுத்து முன்னால் போட்டு, "பாத்துட்டு வா" என்பார். அவ்வளவுதான். பிள்ளைகள் வைத்த பெயரே 'எங்கபாத்த டீச்சர்'.

நானும் மாட்டியிருக்கிறேன். ஒருநாள் பத்திக்கு விஷயம் தேடி அங்கே போய், "டீச்சர், உப்புக்கு முதமுதல்ல வரி போட்டது யாருங்க?" என்றேன்.

"எங்க பாத்தீங்க?"

"எங்கயும் பாக்கலைங்க. அதான் உங்களக் கேக்கறேன்."

"நான் என்ன விசாரணை ஆபீஸா? அந்த ஸ்டூல்ல உக்காருங்க. இந்தாங்க புக்கு."

பி.எஸ்ஸி. படித்தவனை ஆறாங்கிளாஸ் பையன்களோடு ஸ்டூலில் உட்காரவைத்த பெண்மணி!

இதோடு விட்டாரா? புதுப் பாடத்திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பாடத்துக்கு எந்தப் புத்தகம் உதவும் என்று வாத்தியார்களிடம் போய்ப் பேச ஆரம்பித்தார். பூகோள வாத்தியாருக்கு வந்ததே கோபம்! "ஏம்மா, புக்கு எடுத்துக் குடுக்கறதுதான உன் வேலை? பாடம் எங்க வேலை. அதுல எங்க நீ பூர்ற?" புத்தகம் வேறு, பாடம் வேறு என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ?

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது மேலிடத்திலிருந்து ஒரு சர்க்குலர் வந்தது. இனி மாணவர்கள் தாங்களே கேள்வி எழுப்பவேண்டும், நூலகத்தில் தேடி விடை காணவேண்டும், நூலகர் அதற்குத் துணை நிற்கவேண்டும் என்று சாரம். நல்ல விஷயம்தானே? ஃபிலோமினா டீச்சர் அதைத்தான் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தார். சர்க்குலர் எழுதிய மகானுக்குக் கோயில் கட்டலாம். ஆனால் அவர் கடைசியில் ஒரு வரி சேர்த்துவிட்டார் - இதை இன்ஸ்பெக்‌ஷனில் நேரில் பார்ப்பார்களாம்.

ஹெட்மாஸ்டர் அரண்டுவிட்டார். பிள்ளைகள் 'தாங்களே' கேள்வி கேட்பதா? இன்ஸ்பெக்டர் முன்னாலா? எதையாவது கேட்டுத் தொலைத்தால்?

அதனால் அவரே ராத்திரி பகலாக உட்கார்ந்து, பிள்ளைகள் தாங்களே கேட்கவேண்டிய கேள்விகளைத் தயாரித்தார். பதிலையும் தயாரித்தார். ஒன்பதாம் வகுப்பில் பையன் பெஞ்சுக்குக் கேள்வி, பெண்கள் பெஞ்சுக்குப் பதில். முதல் பையன் கேட்டால் முதல் பெண் சொல்லவேண்டும். இரண்டாவது பையனுக்கு இரண்டாவது பெண். ஆளுக்கு ஒரே ஒரு வரி. குழப்பமே கிடையாது பாருங்கள்!

பீரோவை ஒன்பதாம் வகுப்பு மூலைக்கு நகர்த்தி, புத்தகங்கள் கசங்கக்கூடாது என்று பூட்டி, சாவியை ஜிப்பா பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"சார், தேடிப் படிக்கறதக் காட்டத்தான் இன்ஸ்பெக்‌ஷனே. பீரோவப் பூட்டிட்டா எதுல தேடறது?" என்று டீச்சர் கேட்டாராம்.

"தேடி முடிச்சாச்சும்மா. பதில்தான் ரெடியா இருக்குதே!"

அன்றைக்கு நான் அங்கே எதற்குப் போனேன்? ஹெட்மாஸ்டரேதான் கூப்பிட்டார். "தம்பி, பத்திரிகைல எழுதற. நம்ம ஸ்கூலப் பத்தியும் நாலு வார்த்தை எழுதேன்."

எழுதுகிறேன் ஐயா. இதோ, எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.

காலையிலிருந்தே வானம் கறுத்திருந்தது. ஆடி மாதத்து மழைக்கு நேரம் காலம் ஏது? ஆனால் உப்பு வாரிக் குவித்திருக்கிற நேரத்தில் மழை என்றால் இங்கே என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். குவியலுக்கு மேல் ஓலையைப் போட்டு மூடவேண்டும். தாமதித்தால் மாசக்கணக்கில் வெயிலில் வெந்தது அத்தனையும் தண்ணீராகப் போய்விடும். வீட்டில் கை கால் உள்ள எல்லோரும் ஓடவேண்டியதுதான். அரைமணி நேரம் யாருக்கும் எந்தப் பள்ளிக்கூடமும் கிடையாது.

ஜீப் வருகிறது என்று ஹெட்மாஸ்டர் மாலையோடு கேட்டுக்குப் போனார். அதே நேரம் ரோட்டிலிருந்து ஒரு குரல். "டேய் ஏழுமலே! மழ வருதுடா! ஓலயத் தூக்கிட்டு ஓடியாடா!"

ஏழுமலைதான் முதல் பெஞ்சில் முதல் பையன். ஜன்னலோரம். ஒரே தாவல். போய்விட்டான்.

இத்தோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. ஆனால் டிரில் மாஸ்டர் ஒரு வாரமாகப் பயிற்சி கொடுத்திருந்தார் - அதிகாரி வரும்போது பெஞ்சில் சந்து தெரியக்கூடாது! பையன்கள் சொன்னதைச் சொன்னபடி செய்தார்கள். ஏழுமலை இடம் காலியானதும் எல்லோரும் வரிசையாக ஒரு இடம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்கள். டிரில் மாஸ்டர் எட்டிப்பார்த்தார். சந்து இல்லை. திருப்தி.

இன்ஸ்பெக்டர் வந்தார். நல்ல உடம்பு, தங்க பிரேம் கண்ணாடி, பின்னால் ஃபைல் தூக்க ஒரு ஆள். நானும் ஃபிலோமினா டீச்சரும் பின் சுவரோரம் நின்றோம்.

"ம்ம்... ஆரம்பிங்க."

ஏழுமலை இடத்துக்கு வந்திருந்தவன் எழுந்தான். கையைக் கட்டினான். "மனிதனுக்கு வயிற்றுவலி ஏன் வருகிறது, ஐயா?"

முதல் பெண் எழுந்தாள். "பூமி தன்னைத்தானே சுற்றிக்கொள்வதால், ஐயா!"

"குட்," என்றார் இன்ஸ்பெக்டர்.

அடுத்தவன் எழுந்தான். "இலைகள் ஏன் பச்சை நிறமாக உள்ளன, ஐயா?"

"சுத்தமில்லாத தண்ணீரைக் குடிப்பதால், ஐயா!"

"குட்... குட்." ஃபைலில் ஏதோ எழுதினார். ஹெட்மாஸ்டர் முகத்தில் பெருமை தாங்கவில்லை.

சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டு பேரும் கவனிக்கவே இல்லை. அவர்கள் காதில் விழுந்தது சத்தம் மட்டும்தான். தெளிவான உச்சரிப்பு, தடங்கல் இல்லை, 'ஐயா' சரியான இடத்தில் இருக்கிறது... வேறென்ன வேண்டும் கல்விக்கு?

"இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது, ஐயா?"

"பச்சையம் இருப்பதால், ஐயா!"

பக்கத்தில் 'களுக்' என்று ஒரு சத்தம். ஃபிலோமினா டீச்சர். முந்தானையால் வாயைப் பொத்திப் பார்த்தார். முடியவில்லை. வெடித்துச் சிரித்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் திரும்பினார். "யாரும்மா நீ? என்ன சிரிப்பு?"

"லைப்ரரியன் சார். மன்னிச்சிக்குங்க. கேள்வி ஒரு பக்கம் போவுது, பதில் ஒரு பக்கம் போவுது..."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எழுதியதைப் பார்த்தார். கோடு போட்டு அடித்தார். ஹெட்மாஸ்டருக்கு வேர்த்தது. ஒரு பெரிய அதிகாரியை, கேட்டுக்கொண்டே கேட்காமல் இருந்ததற்காகப் பிடித்துவிட்டால் எவ்வளவு கோபம் வரும்?

"அப்படியா? சரி. நீதான லைப்ரரியன்? நீ காட்டு பாக்கலாம், அந்தத் தேடிப் படிக்கறத."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஓட்டுக்கூரை மேல் சடசட என்று.

டீச்சர் முன்னால் வந்தார். சிரிப்பு போய்விட்டிருந்தது. "லிஸ்ட்டு வேணாம். யாருக்காச்சும் நெஜமாவே ஏதாவது தெரிஞ்சிக்கணுமா?"

கடைசி பெஞ்சில் அஞ்சலை என்று ஒரு பெண். அப்பா அம்மா இரண்டு பேரும் உப்பளத்தில் கூலி. அவள் ஜன்னல் வழியாக மழையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே யார் குவியல் கரைகிறதோ என்று யோசித்திருப்பாள். மெல்ல எழுந்தாள்.

"டீச்சர்... மழ பேஞ்சா பாத்தில இருக்கற உப்பெல்லாம் கரஞ்சி வீணாப் பூடுது. கடல்லயும்தான் இவ்ளோ மழ பேயுது. அது ஏன் டீச்சர் நல்ல தண்ணியா ஆவல?"

"ஏய்! உன் வரி அது இல்ல!" ஹெட்மாஸ்டர் அலறினார். "பதில் பெஞ்சுல உக்காந்துக்கிட்டுக் கேள்வியா கேக்கற?"

"இருங்க சார்," என்றார் டீச்சர். "எங்க பாத்த அஞ்சல?"

"எங்கயும் பாக்கல டீச்சர். பீரோ பூட்டிக் கெடக்குது."

எல்லோரும் ஹெட்மாஸ்டரைப் பார்த்தார்கள். சாவியை எடுத்தார். பூட்டில் போட்டார். அது திரும்பவில்லை. இந்த உப்புக் காற்றில் தினமும் கை படாத பூட்டு என்ன ஆகும்? இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்ற கேள்விக்குச் சரியான பதில் அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் டிரில் மாஸ்டர், பள்ளிக்கூட மணி அடிக்கிற கட்டையால் நாலு போடு போட்டார். பூட்டு கழன்று விழுந்தது.

டீச்சர் இரண்டே புத்தகம் எடுத்தார். ஒன்று பூகோளம், ஒன்று ரசாயனம். அஞ்சலை முன்னால் வைத்தார். "பாரு. அவசரம் இல்ல."

அஞ்சலை தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். விரலை வரிக்கு வரி நகர்த்திப் படித்தாள். ஒன்றை மூடினாள், இன்னொன்றைத் திறந்தாள், மறுபடியும் முதல் புத்தகத்துக்குப் போனாள். வகுப்பே கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நானும்தான். ஏனென்றால் - சிரிக்காதீர்கள் - எனக்கும் பதில் தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் வாட்ச்சைப் பார்த்தார். ஹெட்மாஸ்டர் ரூம் பக்கமிருந்து வஞ்சிரம் வறுக்கிற வாசனை வேறு வந்துகொண்டிருந்தது.

"எவ்ளோ நேரம்மா? நீயே சொல்லிட வேண்டியதுதான?"

"அவ தேடிட்டு இருக்கா சார்."

"உனக்குப் பதில் தெரியுமா தெரியாதா?"

"எனக்குத் தெரியறது இப்ப முக்கியம் இல்லீங்க சார்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. தெரியுமா, தெரியாதா?"

வேலை அந்த ஒரு வார்த்தையில் தொங்குகிறது. 'தெரியும் சார்' என்று இரண்டு வரி ஒப்பித்துவிட்டிருந்தால் முடிந்தது கதை. நான் பின்னாலிருந்து மனசுக்குள் கத்தினேன், 'சொல்லித் தொலைங்க டீச்சர்!'

டீச்சர் அஞ்சலையைப் பார்த்தார். "இப்ப சொன்னா அவ புக்க மூடிருவா சார். நான் சொல்ல மாட்டேன்."

இன்ஸ்பெக்டர் எழுந்துவிட்டார். கூட்டம் வஞ்சிரத்தை நோக்கிப் போனது.

அவர்கள் போய் ஒரு வாய் சாப்பிட்டிருப்பார்கள். அஞ்சலை 'ஐயோ' என்று கத்தினாள். "டீச்சர்! அந்த மழையே கடல்லேர்ந்துதான் டீச்சர் போவுது! இதுல போட்டிருக்கு. சூடு பட்டா தண்ணிதான் மேல போவும், உப்பு தங்கிடும்னு அதுல போட்டிருக்கு. அப்ப கடலு, உப்ப வெச்சிக்கிட்டுத் தண்ணிய மட்டும் அனுப்புது... அதே தண்ணிதான் திரும்ப வருது! நம்ம பாத்தி மாதிரியே டீச்சர்! பாத்தில நாம திரும்பத் தண்ணி வர உடறதில்ல, அதான் உப்பு நிக்குது!"

இரண்டு புத்தகத்திலும் பாதிப் பாதி இருந்ததை ஒட்டவைத்தது யார்? அந்தப் பெண். அப்படி ஒட்டவைக்கத் தோதான இரண்டைப் பொறுக்கி வைத்தது யார்? இதற்குத்தான் ஐயா லைப்ரரியன் என்று பெயர். உங்கள் சர்க்குலரில் ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கிறீர்களே, அது இதுதான்!

"போ. போய் அவருகிட்ட சொல்லு," என்றார் டீச்சர். முகமெல்லாம் சிரிப்பு.

அஞ்சலை மழையில் ஓடினாள். ஹெட்மாஸ்டர் ரூம் வாசலில் டிரில் மாஸ்டர்.

"எங்க ஓடற?"

"பதில் கெடச்சிடுச்சி சார்!"

"ஐயா சாப்பிடறாரு. போ, கிளாஸுக்குப் போ."

கொஞ்ச நேரத்தில் ஜீப் போய்விட்டது.

ஆவணி முடிவதற்குள் ரிப்போர்ட் வந்தது. ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார், அவ்வளவு சந்தோஷம். நூலகர் ஒரு மாணவியின் எளிய கேள்விக்குக்கூட விடை தெரியாமல் திணறினாராம். தனியாக இப்படி ஒரு ஆள் தேவையில்லையாம். பீரோவை டிரில் மாஸ்டரே பார்த்துக்கொள்ளலாமாம். ஆனால் கேள்வி-பதில் பயிற்சி மெச்சத்தக்கதாம் - வரிசையை மட்டும் கொஞ்சம் சீர்செய்து அக்கம்பக்கத்துப் பள்ளிகளுக்கும் கொடுக்கலாமாம்!

டீச்சர் போகிற அன்று பஸ் ஏற்றிவிடப் போனேன். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா வேல நின்னிருக்குமே டீச்சர்?"

"வேல நின்னிருக்கும். அப்புறம் நான் அங்க இன்னா வேல செய்றது?" என்றார். பஸ் கிளம்பிவிட்டது.

சரி, பஸ் ஸ்டாண்டுக்கு வருவோம். அந்தப் பெண் இன்னும் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றிருந்தாள். வேறு ஊர்ப் பள்ளிக்கூடம். ஹெட்மாஸ்டரின் லிஸ்ட் அவ்வளவு தூரம் போயிருக்கிறது. அதில் அஞ்சலையின் கேள்வியும் ஏறியிருக்கிறது, சுத்தத் தமிழில், இஸ்திரி போட்டு.

"சூப்பர்ம்மா. இதுக்குச் சரளா இன்னா பதில் சொல்லுவா?"

"கடல் மிகப் பெரியது என்பதால், ஐயா."

கேட்டீர்களா? அஞ்சலை கண்டுபிடித்ததை யாரும் கேட்கவில்லை அல்லவா? அதனால் ஹெட்மாஸ்டர் தாமே ஒரு பதிலைப் போட்டுக்கொண்டார். இனி இந்தத் தாலுகா முழுக்க இதுதான் விஞ்ஞானம்.

"ஏம்மா, பெருசா இருந்தா உப்பு போவாதா?"

அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அதெல்லாம் லிஸ்ட்டுல இல்லீங்கண்ணா."

பஸ் வந்தது. ஏறிவிட்டாள்.

நேற்று சாயங்காலம் டைப் இன்ஸ்டிட்யூட்டுக்கு அஞ்சலை வந்தாள். நான் ஓசி மிஷினில் இந்தப் பத்தியைத் தட்டிக்கொண்டிருந்தேன். வாசலிலேயே நின்றுகொண்டு கேட்டாள். "அண்ணா, நான் கேட்ட கேள்வியாலதான் டீச்சர எடுத்துட்டாங்களாமே? பசங்க சொல்றாங்க. நெஜமா?"

'இல்லவே இல்லை' என்று ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்பியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அதையும் அவள் ஒரு வரியாக ஒப்பித்துக்கொண்டு போய்விடுவாள்.

"எங்க பாத்த?" என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் கொஞ்சம் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அஞ்சலை, உன் கேள்விக்குப் பதில் இந்தப் பக்கம் முழுக்க இருக்கிறது. உங்கள் பீரோவில் போய்த் தேடாதே... பூட்டியிருப்பார்கள். டீக்கடையில் இந்தப் பத்திரிகை கிடைக்கும்.